ஃப்ரிட்ஜில் ஆப்பிள் விதை, ரம்புத்தான் கொட்டை, மேப்பிள் விதை: ஒன்றுகூட முளைக்கவில்லை, எங்கே தவறினேன்?

ஈசூன்_மலர் | ஜனவரி 6, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம், சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதுகிறேன். தோட்டப் பகுதியை இதுவரை வாசித்துவிட்டு மட்டும் போவேன். முதல் முறையாகக் கேள்வியோடு வருகிறேன்.

என் மகள் இந்த ஆண்டு தொடக்கநிலை 4. ஒரு மரத்தை விதையிலிருந்தே வளர்க்க வேண்டும் என்று விடுமுறை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள். டிசம்பர் முதல் வாரம் மூன்று வகை விதைகளை எடுத்தோம். பேரங்காடியில் வாங்கிய ஃபூஜி ஆப்பிளின் விதை 9, ரம்புத்தான் கொட்டை 12, இணையத்தில் வாங்கிய ஜப்பானிய மேப்பிள் விதை 20. குளிரில் வைத்தால்தான் மர விதைகள் முளைக்கும் என்று ஒரு காணொளியில் பார்த்து மூன்றையும் ஃப்ரிட்ஜில் வைத்தேன். ஆப்பிளையும் ரம்புத்தானையும் ஈர டிஷ்யூவில் சுற்றி ஜிப் பையில் போட்டேன். மேப்பிளை வந்த பொட்டலத்தோடு கதவுத் தட்டில் வைத்தேன்.

ஒரு மாதம் ஆகிறது. ரம்புத்தான் கொட்டைகள் எல்லாம் கருத்துவிட்டன, அமுக்கினால் கூழாகிறது. ஆப்பிள் விதைகளில் 4 பூசணம் பிடித்துவிட்டன. மேப்பிள் வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருக்கிறது. மகள் பள்ளி விட்டு வந்ததும் முதல் வேலையாக ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கிறாள். அவளுக்கு ஒரு சரியான பதில் சொல்ல வேண்டும், உதவுங்கள்.

பிடோக்_தாழ்வாரம் | ஜனவரி 6, இரவு 10.15

அக்கா, பூசணத்துக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியும். டிஷ்யூவில் ஈரம் கூடிப்போயிருக்கும். இட்லித் துணியைப் பிழிகிற மாதிரி நன்றாகப் பிழிந்துவிட்டு, தொட்டால் குளுமை தெரிய வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக்கூடாது. பையிலும் கொஞ்சம் காற்று இருக்கட்டும், விதையும் மூச்சு விடுகிறதுதானே. பூசணம் பிடித்த விதைகளை உடனே தூக்கிப் போடாதீர்கள். கழுவிவிட்டு அமுக்கிப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் இன்னும் உயிர் இருக்கலாம். மருந்தகத்தில் கிடைக்கும் 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில் சில நிமிடம் போட்டு அலசி, புது டிஷ்யூவில் வையுங்கள். மேப்பிள் பற்றி எனக்கு அனுபவம் இல்லை.

நாற்றங்கால்_ஐயா | ஜனவரி 7, காலை 6.20

மலர் அம்மா, நீங்கள் செய்ததில் பாதி சரி. மூன்று விதைகளுக்கும் ஒரே வைத்தியம் பார்த்ததுதான் பிரச்சினை. விதையைக் கையில் எடுத்ததும் நான் முதலில் கேட்பது, இதன் தாய்மரம் எந்த ஊரில் நின்றது, பழம் விழுந்த பிறகு அந்த ஊரில் அடுத்து என்ன பருவம் வரும் என்பதுதான்.

ஆப்பிள் இலையுதிர் காலத்தில் பழுக்கும். விதை விழுந்த உடனே முளைத்தால் இரண்டு இலை விட்ட நாற்று பனியில் செத்துப்போகும். அதனால் அந்த விதை உறங்கிக்கொண்டுதான் மண்ணுக்கு வருகிறது. அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் முளையைப் பிடித்து வைத்திருக்கும். விதை தண்ணீர் குடித்து ஊறிய நிலையில் பல வாரங்கள் குளிரில் கிடந்தால் அந்தப் பிடி தளரும், முளைக்கச் சொல்லும் ஜிப்பரெல்லின் கை ஓங்கும். ஊறிய நிலையில் என்பதை அழுத்திச் சொல்கிறேன். உலர்ந்த விதையைப் பொட்டலத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்தால் அது வெறும் சேமிப்பு. எத்தனை மாதம் வைத்தாலும் விதையின் கணக்கில் ஒரு நாள்கூடக் குளிர்காலம் கழியாது. உங்கள் மேப்பிள் விதைகளுக்கு நடந்தது இதுதான். அவை கெட்டுப்போகவில்லை, இன்னும் தொடங்கவே இல்லை.

ரம்புத்தான் நேர் எதிர். அது நம் மழைக்காட்டு மரம். பழம் விழும் இடத்தில் ஆண்டு முழுக்க வெப்பம், ஆண்டு முழுக்க ஈரம். எதற்காகக் காத்திருக்க வேண்டும்? காத்திருக்கவே தெரியாத விதை அது. உலர்த்தினாலும் சாகும், ஃப்ரிட்ஜில் வைத்தாலும் சாகும். டுரியான், பலா, மங்குஸ்தான் எல்லாவற்றுக்கும் இதே குணம்தான். பழத்தைச் சாப்பிட்ட அன்றே கொட்டையில் ஒட்டிய சதையைக் கழுவிவிட்டு ஈர மண்ணில் படுக்கவைத்து லேசாக மூடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் வந்துவிடும். ஒரு வாரம் மேசையில் கிடந்தாலே பாதி போய்விடும்.

இந்த ஊருக்கே இதில் ஒரு கதை உண்டு. ரப்பர் விதையும் இப்படித்தான், கொஞ்ச நாளில் உயிர் போய்விடும். 1876-இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்காம் ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கப்பலில் கொண்டுபோனார். முளைத்தவை 3,000-த்தைக்கூடத் தொடவில்லை. அங்கிருந்து ஆசியாவுக்கு அனுப்பும்போது விதையாக அனுப்பவில்லை, கண்ணாடிப் பெட்டியில் நாற்றாக அனுப்பினார்கள். 1877-இல் நம் பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு, வந்து சேர்ந்தவை 22 நாற்றுகள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு அவைதான் தொடக்கம். நம் தாத்தாமார் எத்தனையோ பேர் பால் மரம் வெட்டிய தோட்டங்கள் அவை. கருத்துப்போன ரம்புத்தான் கொட்டையை மகளிடம் காட்டி இந்தக் கதையைச் சொல்லுங்கள், மனதில் நிற்கும்.

ஈசூன்_மலர் | ஜனவரி 7, மாலை 7.05

ஐயா, மிக்க நன்றி. வாசித்துக் காட்டினேன். "அப்போ மேப்பிள் இன்னும் தூங்கவே ஆரம்பிக்கலையா?" என்று கேட்டாள். தூங்கிக்கொண்டுதான் இருக்கிறது, எழுப்புகிற வேலையை நாம்தான் தொடங்கவில்லை என்று சொன்னேன். சரிதானே?

ஆப்பிளில் கெட்டியாக இருப்பவை 6. பூசணம் பிடித்ததில் ஒன்று தேறிவிட்டது. இனி எத்தனை நாள் வைக்க வேண்டும்? மேப்பிளை எப்படித் தொடங்குவது?

செங்காங்_போன்சாய் | ஜனவரி 7, இரவு 11.30

மேப்பிளுக்கு நான் சொல்கிறேன், மூன்று முறை செய்திருக்கிறேன். முதல் முறை ஒன்றுகூட வரவில்லை. இரண்டாம் முறை 30-க்கு 4, மூன்றாம் முறை 30-க்கு 11.

முதலில் விதையின் இறக்கையைக் கிள்ளிவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் கூடுதலான வெந்நீரில் போட்டு, அப்படியே ஆறவிட்டு, ஒரு நாள் முழுக்க ஊற வையுங்கள். உலர்ந்து வந்த மேப்பிள் விதையின் ஓடு இறுகிப்போயிருக்கும், தண்ணீர் உள்ளே போக நேரம் பிடிக்கும். நான் இரண்டு நாள்கூட ஊறவிட்டிருக்கிறேன், தண்ணீரை மட்டும் மாற்றிவிடுவேன். மிதப்பதெல்லாம் சொத்தை என்பார்கள், மேப்பிளில் அதை நம்பாதீர்கள். சந்தேகமாக இருந்தால் ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். உள்ளே பருப்பு கெட்டியாக நிறைந்திருந்தால் அந்தப் பொட்டலத்துக்கு உயிர் இருக்கிறது.

பிறகு டிஷ்யூவுக்குப் பதில் வெர்மிகுலைட் எடுங்கள், ஈரத்தைப் பிடித்து வைக்கும் லேசான கனிமத் துகள் அது. நனைத்துப் பிழிந்து, விதையோடு கலந்து ஜிப் பையில் போட்டு, மேலே தேதி எழுதி வையுங்கள். 4 டிகிரி அளவில் 90 முதல் 120 நாள். ஆப்பிளுக்கு 60 முதல் 90 நாள் போதும். உங்கள் ஆப்பிள் விதைகள் ஏற்கெனவே ஒரு மாதம் ஈரத்தில் இருந்துவிட்டன, அந்த நாள்கள் கணக்கில் சேரும்.

ஃப்ரிட்ஜுக்குள் எந்த இடம் என்பதும் முக்கியம். என் முதல் தொகுதி செத்தது அதனால்தான். பின்சுவரை ஒட்டி வைத்திருந்தேன், அங்கே உறைந்துவிட்டது. ஊறிய விதை உறைந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி உயிரணுக்களைக் கிழித்துவிடும். உறைபெட்டிப் பக்கமே போகாதீர்கள். காய்கறித் தட்டில் ஒரு சின்ன வெப்பமானியோடு வையுங்கள்.

இன்னொன்று, இதை நம் ஊர் வெப்பத்தில் அடிபட்டுத்தான் கற்றேன். குளிர் நாடுகளில் எழுதுகிறவர்கள் 90 நாள் ஆனதும் வெளியே எடுத்து விதைக்கச் சொல்வார்கள். அவர்களுக்கு வெளியே 12, 15 டிகிரி. நமக்கு 31. உறக்கம் முழுதாகக் கலையாத ஆப்பிள் விதையைத் திடீரென்று இந்த வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் அது மறுபடி உறங்கிவிடும், திரும்ப முதலிலிருந்து குளிர் கொடுக்க வேண்டும். அதனால் நாள் கணக்கைப் பார்த்து எடுக்காதீர்கள். ஃப்ரிட்ஜுக்குள்ளேயே வெள்ளை வேர் நுனி எட்டிப் பார்க்கும் வரை விடுங்கள். வேர் அரை சென்டிமீட்டர் ஆனதும் அந்த ஒன்றை மட்டும் எடுத்துத் தொட்டியில் வையுங்கள், வேர் கீழ்நோக்கி இருக்கட்டும். மற்றவை உள்ளேயே இருக்கட்டும். எல்லாம் ஒரே நாளில் விழிக்காது.

தேக்கா_கார்த்தி | ஜனவரி 8, மதியம் 1.10

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. மேப்பிளும் ஆப்பிளும் இங்கே முளைக்கலாம், வாழுமா? மிகக் குளிர்ந்த மழை நாளில்கூட நமக்கு 21, 22 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. குளிர்காலமே இல்லாத இடத்தில் அந்த மரம் எப்போது இலை உதிர்க்கும், எப்போது ஓய்வெடுக்கும்? குழந்தை ஆசையாக வளர்த்து இரண்டு ஆண்டில் செத்துப்போனால் அது பெரிய ஏமாற்றம். செங்காங் அண்ணே, உங்கள் 11 மேப்பிள்களும் இப்போது எப்படி இருக்கின்றன?

செங்காங்_போன்சாய் | ஜனவரி 8, இரவு 8.45

நியாயமான கேள்வி, உள்ளதைச் சொல்கிறேன். 11-இல் இப்போது இருப்பது 2. முதல் ஆறு மாதம் அழகாக வளர்ந்தன. பிறகு இலை நுனி கருகத் தொடங்கியது. இலையை உதிர்க்காமல், புதுத் தளிரும் விடாமல் அப்படியே நின்றன. ஒவ்வொன்றாகப் போயின. மிச்சம் இரண்டும் காலை வெயில் மட்டும் படும் சன்னலோரம் 20 மாதமாக நிற்கின்றன. நீண்ட நாள் வாழும் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் அந்த முதல் வேர் வெளியே வந்த காலையை நான் மறக்கவில்லை. மூன்று மாதம் காத்திருந்தேன், அந்தக் காத்திருப்புக்காகவே இன்னொரு முறையும் செய்வேன்.

மலர் அக்கா, மகளிடம் இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது. மேப்பிள் ஒரு பரிசோதனை, நம்மோடு தங்கப்போகும் மரம் வேறு ஒன்று என்று.

நாற்றங்கால்_ஐயா | ஜனவரி 9, காலை 6.05

கார்த்தி தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஆப்பிளைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். கிழக்கு ஜாவாவில் மாலாங், பத்து (Batu) என்ற ஊர்களின் பக்கம் மலைச்சரிவில் ஆப்பிள் தோட்டங்கள் இருக்கின்றன. குளிர்காலம் அங்கேயும் இல்லை. அறுவடை முடிந்ததும் விவசாயிகள் மரத்தின் இலை முழுவதையும் கையாலேயே உருவிவிடுவார்கள். மரம் இலையுதிர் காலம் முடிந்ததாக எடுத்துக்கொண்டு புது மொட்டு விடும். அந்த உயரத்தில் இரவுகள் குளுமை, அதனால் அது நடக்கிறது. நம் தரைமட்டத்தில் பழம் எதிர்பார்க்க வேண்டாம், இலை பார்க்கலாம். ஃபூஜி விதையில் ஃபூஜி வராது என்பதையும் சொல்லிவிடுங்கள். ஆப்பிள் விதை ஒவ்வொன்றும் தனிப்பிறவி, தாயைப் போல இருக்காது.

விதைக்கு இப்படி ஈரத்தோடு குளிர் கொடுப்பதை ஆங்கிலத்தில் ஸ்ட்ராட்டிஃபிகேஷன் என்பார்கள். அந்தச் சொல்லுக்கே அடுக்குதல் என்றுதான் பொருள். ஐரோப்பாவில் அந்தக் காலத்து நாற்றங்கால்காரர்கள் ஒரு அடுக்கு ஈர மணல், ஒரு அடுக்கு விதை என்று பெட்டியில் அடுக்கிக் குளிர்காலம் முழுக்க வெளியே வைத்துவிடுவார்கள். எனக்கு அதைப் படித்தபோது எங்கள் அப்பாயிதான் நினைவுக்கு வந்தார். பனம்பழம் தின்ற பிறகு கொட்டைகளைக் கொல்லையில் மணல் மேட்டில் பரப்பி, மேலே மணல் போட்டு, சில மாதம் கழித்துத் தோண்டினால் பனங்கிழங்கு. அவருக்குக் குளிர் தேவைப்படவில்லை, மணலும் ஈரமும் பொறுமையும் போதுமாயிருந்தது.

அங்மோகியோ_சரஸ் | ஜனவரி 9, காலை 10.30

மகளுக்கு மஞ்சாடி கொடுங்களேன்! இங்கே சாகா என்போமே, அந்தச் சிவப்பு விதை. சின்ன வயதில் மரத்தடியில் பொறுக்கிப் பொறுக்கிப் போத்தல் நிறையச் சேர்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பார்கள். அது வேறு வகை உறக்கம். குளிர் தேவையில்லை. ஓடு அவ்வளவு கெட்டி, தண்ணீர் உள்ளேயே போகாது. அதனால் பல ஆண்டு அப்படியே கிடக்கும்.

நகவெட்டியால் விதையோட்டின் ஒரு ஓரத்தை மட்டும் சின்னதாகக் கிள்ளுங்கள். தண்டோடு ஒட்டியிருந்த தழும்பு ஒரு முனையில் தெரியும், அதற்கு எதிர்ப் பக்கம் கிள்ள வேண்டும், தழும்புப் பக்கம்தான் முளை இருக்கிறது. வெண்மை தெரிந்ததும் நிறுத்திவிட்டுத் தண்ணீரில் போடுங்கள். மறுநாள் காலை விதை இரு மடங்காக உப்பியிருக்கும். உப்பியதை நடுங்கள், உப்பாததை மறுபடி கிள்ளுங்கள். உப்புத்தாளில் தேய்த்தாலும் சரி. கொதித்து இறக்கிய தண்ணீரை ஊற்றி ஒரு நாள் ஆறவிடுவார்கள் சிலர், அதில் சில விதை வெந்துபோவதைப் பார்த்திருக்கிறேன், எனக்கு நகவெட்டிதான் பிடிக்கும். புளி, மயில்கொன்றை, தூங்குமூஞ்சி மரம் எல்லாவற்றுக்கும் இதே வழி.

நெறியாளர் | ஜனவரி 9, மதியம் 12.00

நல்ல இழை, தொடருங்கள். மூன்று நினைவூட்டல்கள் மட்டும்.

பூங்காக்களிலும் இயற்கைக் காப்பகங்களிலும் விழுந்த விதையானாலும் அனுமதியின்றி எடுக்கக்கூடாது. தனியார் தோட்டத்திலோ சமூகத் தோட்டத்திலோ கேட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து விதை தருவிப்பதற்கு தேசியப் பூங்காக் கழகத்தின் விதிகள் உண்டு. வாங்குவதற்கு முன்பே அந்த வகைக்குச் செடிநலச் சான்றிதழ் தேவையா என்று கழகத்தின் இணையத்தளத்தில் பாருங்கள். நீல நிற மேப்பிள், வானவில் நிற மேப்பிள் என்று விற்பதை நம்ப வேண்டாம், அப்படி ஒரு மரம் கிடையாது.

மிக முக்கியமானது குன்றிமணி. மஞ்சாடி முழுச் சிவப்பு. குன்றிமணி சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்தது, கொடியில் காய்ப்பது. அதன் ஓட்டை உடைத்தால் உள்ளே இருப்பது உயிர்க்கொல்லி நஞ்சு. பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்துக் கிள்ளச் சொல்லிவிடாதீர்கள். கறுப்புப் பொட்டு தெரிந்தால் தொடவே வேண்டாம்.

தேக்கா_கார்த்தி | ஜனவரி 9, மாலை 6.40

இந்த இரண்டு விதைகளும் நம்முடைய பழைய எடைக்கற்கள் என்பதையும் சொல்லலாம். 2 குன்றி ஒரு மஞ்சாடி, 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு. சோழர் கல்வெட்டுகளில் கோயிலுக்குக் கொடுத்த பொன்னை இந்தக் கணக்கில்தான் எழுதியிருக்கிறார்கள். சமையலறைத் தராசில் மகளை 40 மஞ்சாடி நிறுக்கச் சொல்லுங்கள், கிட்டத்தட்ட 10 கிராம் காட்டும். சரஸ் அக்கா சொன்னதுதான் என் கட்சியும். இந்த மண்ணின் விதையிலிருந்து தொடங்குங்கள்.

ஈசூன்_மலர் | ஜனவரி 11, மாலை 4.20

எல்லோருக்கும் நன்றி. சரஸ் அக்காவே தனிச்செய்தியில் தொடர்புகொண்டு தம் சமூகத் தோட்டத்து நண்பரிடமிருந்து மஞ்சாடி 15 கொடுத்தார். இன்று மகளும் நானும் உட்கார்ந்து செய்தது இது. மேப்பிள் 20-இல் ஒன்றை வெட்டிப் பார்த்தோம், பருப்பு நன்றாக இருந்தது. 19-ஐ ஊறவைத்து வெர்மிகுலைட்டில் போட்டாயிற்று. ஆப்பிள் 6 புது டிஷ்யூவில். மஞ்சாடியில் 10-ஐக் கிள்ளினோம், 5-ஐக் கிள்ளாமல் அப்படியே ஊறவைத்தோம். கிள்ளாததை வைத்து ஒப்பிட வேண்டும் என்பது அவள் யோசனை. ரம்புத்தானும் புதிதாக வாங்கி, சாப்பிட்ட கையோடு 8 கொட்டையை மண்ணில் வைத்துவிட்டோம்.

ஈசூன்_மலர் | பிப்ரவரி 2, இரவு 8.00

கிள்ளிய மஞ்சாடி 10-இல் 8 முளைத்துவிட்டன, முதலாவது ஆறாம் நாளே வந்தது. கிள்ளாத 5-உம் தண்ணீரில் மூன்று வாரமாகக் கூழாங்கல் மாதிரி கிடக்கின்றன. ரம்புத்தான் 8-இல் 7. இரண்டு வாரத்தில் எட்டிப் பார்த்தன. ஃப்ரிட்ஜில் எந்த அசைவும் இல்லை.

பிடோக்_தாழ்வாரம் | பிப்ரவரி 2, இரவு 9.10

மஞ்சாடி நாற்று பெரிய மரமாகுமே அக்கா, 20 மீட்டர் போகும். தாழ்வாரத்தில் எத்தனை நாள்? நடைபாதையில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. தொட்டிக்கு அடியில் தட்டு வைத்திருந்தால் தண்ணீர் தேங்க விடாதீர்கள், எங்கள் புளோக்கில் போன மாதம் டெங்கி.

ஈசூன்_மலர் | பிப்ரவரி 3, காலை 7.15

தட்டுகளை எடுத்துவிட்டேன், நன்றி தம்பி. இடத்தைப் பற்றி யோசித்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஈசூன்_மலர் | மார்ச் 4, மாலை 5.50

ஆப்பிள்! ஒரு விதையில் வேர் வந்திருக்கிறது! டிசம்பரிலிருந்து கணக்கிட்டால் 88 நாள். மகள்தான் பார்த்தாள். பையைக் கையில் எடுத்துக்கொண்டு குளியலறைக் கதவைத் தட்டினாள். செங்காங் அண்ணன் சொன்னபடி அந்த ஒன்றை மட்டும் எடுத்துத் தொட்டியில் வைத்தோம்.

செங்காங்_போன்சாய் | மார்ச் 4, இரவு 7.30

வாழ்த்துகள்! முதல் ஒரு வாரம் நேர் வெயில் வேண்டாம். மண் மேற்பரப்பு நனைந்தே இருந்தால் நாற்றின் தண்டு அடியில் அழுகிச் சாயும். மேலே லேசாகக் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள். மேப்பிளுக்கு இன்னும் ஒன்றரை மாதம் கொடுங்கள், பையை அடிக்கடி திறக்காதீர்கள்.

ஈசூன்_மலர் | ஏப்ரல் 26, காலை 11.00

கடைசிக் கணக்கு. ஆப்பிள் 6-இல் 3 முளைத்தன. முதலாவது இப்போது 14 சென்டிமீட்டர். மேப்பிள் 102-ஆம் நாள் தொடங்கி இதுவரை 5. மிச்சம் உள்ளே இருக்கின்றன, இன்னும் ஒரு மாதம் பார்ப்போம். மேப்பிள் இங்கே நிலைக்காமல் போகலாம் என்று மகளிடம் முன்பே சொல்லிவிட்டேன். "அது இருக்கிற வரைக்கும் நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

மஞ்சாடி நாற்றுகளில் 6-ஐ ஜொகூரில் என் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்து நிலத்தில் நடலாம் என்று நினைத்தோம். எல்லை கடந்து செடி கொண்டுபோவதற்கும் அனுமதி வேண்டும் என்று தெரிந்ததும் அதை விட்டுவிட்டோம். சரஸ் அக்காவின் சமூகத் தோட்டம் 2 எடுத்துக்கொள்கிறது. மற்றவை யாருக்காவது வேண்டுமா? இடம் இருக்கிறவர்கள் மட்டும் கேளுங்கள். ரம்புத்தான் நாற்றும் 4 இருக்கிறது.

கிள்ளாத 5 மஞ்சாடியையும் அவள் ஒரு சின்னப் போத்தலில் போட்டு, தேதி எழுதி, மேசையில் வைத்திருக்கிறாள். உயர்நிலைப் பள்ளிக்குப் போகும்போது கிள்ளிப் பார்க்கப் போகிறாளாம்.

நாற்றங்கால்_ஐயா | ஏப்ரல் 26, மதியம் 2.15

தண்ணீரில் ஊறியவை, நன்றாகத் துடைத்துக் காயவைத்தா போத்தலில் போட்டாள்? இல்லையென்றால் இன்றே எடுத்து இரண்டு நாள் நிழலில் உலர்த்தச் சொல்லுங்கள் அம்மா. ரம்புத்தான் ஒன்று எனக்கு வேண்டும். சனிக்கிழமை ஈசூன் பக்கம் வருகிறேன்.